மதகின் சாவி யார் கையில்?

என் பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவர் ஒரு கன்னட நண்பர். மண்டியா மாவட்டத்துக் கிராமத்துக்காரர். நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பம். பதினைந்து ஆண்டுகளாக இருவரும் ஒரே கூரையின் கீழ் பேரேடு எழுதுகிறோம். ஒருவர் சாப்பாட்டை ஒருவர் பகிர்ந்து உண்கிறோம். சென்ற மாதம் பகல் உணவு வேளையில் அவர் என்னிடம் கேட்டார்:

"நீங்கள் குடிப்பதும் காவேரிதானே ஸார்? மேகேதாட்டில் அணை கட்டினால் உங்கள் வீட்டுக்கும்தானே தண்ணீர், விளக்கு? உங்கள் சங்கம் ஏன் அணை வேண்டும் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை?"

கேள்வியில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான்தான், "சாப்பிடுங்கள் ஸார், பிறகு பேசுவோம்" என்று நழுவினேன். அன்று மாலை ரயிலில் வீடு திரும்பும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

நாம் ஏன் நழுவுகிறோம் என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1991 ஜூன் 25இல் காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு வழங்கியது. டிசம்பர் 11இல் அது அரசிதழில் வந்தது. மறுநாள் பெங்களூர் எரிந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரை அம்மா கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்தார். 2016 செப்டம்பர் 12இல் மீண்டும் எரிந்தது. அன்று என் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் வழியில், "தெருவில் அப்பா என்று கூப்பிடாதீர்கள், பேசாமல் வாருங்கள்" என்று நான் சொன்னேன். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

ஆனால் மௌனம் நமக்குக் காவல் தந்ததா? இல்லை. பேசியவன் வீடும் எரிந்தது, பேசாதவன் வீடும் எரிந்தது. ஆகவே பேசுவோம். பேசுவதைத் தெரிந்துகொண்டு பேசுவோம். நான் எஞ்சினியர் அல்லன், எஸ்.எஸ்.எல்.சி. படித்த ரயில்வே குமாஸ்தா. ஆனால் ஒரு சரக்கு எங்கே ஏற்றப்படுகிறது, எங்கே இறக்கப்படுகிறது, யார் பெயரில் ரசீது என்று பார்ப்பது என் தொழில். அணையையும் அப்படிப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தொட்டி, நான்கு எசமானர்கள்

அணை என்றதும் நம் கண்முன் வருவது பெரிய சுவர். சுவர் மட்டும் அணை அல்ல. எவ்வளவு நீரைத் தேக்குவது, எந்த உயரத்தில் மதகு வைப்பது, எந்த மாதத்தில் திறப்பது, யார் சொன்னால் திறப்பது என்னும் நான்கும் சேர்ந்ததுதான் அணை. அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை மேடைப் பேச்சு சொல்லாது. இந்த நான்கும் சொல்லிவிடும்.

பாசனத்துக்குக் கட்டிய அணை, பயிர்க் காலத்தில் கையிலுள்ள நீரையெல்லாம் கொடுத்துவிட விரும்பும். குடிநீருக்குக் கட்டியது, எந்தக் கோடையிலும் அடிமட்டம் காணாமல் இருக்க விரும்பும். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது, மழைக்கு முன் காலியாக இருக்க விரும்பும். மின்சாரத்துக்குக் கட்டியது, நீரை எப்போதும் உயரத்தில் நிறுத்தி, ஊரில் விளக்கேற்றும் நேரத்துக்கெல்லாம் அளவாக, ஆண்டு முழுவதும் விட விரும்பும். நீர் விழும் உயரமும் விழும் நீரின் அளவும் சேர்ந்ததே மின்விசை. உயரம் குறைந்தால் விசை குறையும்.

நீர்மின் நிலையம் நீரைக் குடித்துவிடுவதில்லை என்பது உண்மைதான். டர்பைன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு நீர் ஆற்றுக்கே திரும்பிவிடுகிறது. "மின்சாரத்துக்காகத்தானே அணை, உங்கள் தண்ணீர் உங்களுக்கே வரும்" என்று சொல்வோர் இந்த உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. நீர் வரும், எந்த மாதத்தில் வரும்? ஆகஸ்டில் நாற்றுக்கு வேண்டிய நீர் மார்ச்சில் வந்தால், கணக்கில் வரவு, வயலில் சாவு. எல்லாப் பயனும் ஒரே அணையில் கிடைக்கும் என்று பல்நோக்குத் திட்டம் என்ற பெயரில் சொல்லும்போது, நான்கு எசமானர்களில் யாருடைய சொல் முதலில் எடுபடும் என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

காவேரி காற்று

காவிரியிலிருந்து முதன்முதலாக மின்சாரம் எடுத்தது எதற்காக? பெங்களூரின் விளக்குக்காக அல்ல, உழவனுக்காகவும் அல்ல. கோலார் தங்கவயலுக்காக.

தங்கச் சுரங்கங்கள் முதலில் நிலக்கரியால் ஓடின. கரி தொலைவிலிருந்து ரயிலில் வர வேண்டும். பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) மாரிக்குப்பத்துக்கு 1894இல் கிளைப்பாதை போட்டார்கள். சுரங்கம் ஆழமாக ஆகக் கரிச் செலவு ஏறிக்கொண்டே போனது. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சியிலிருந்து 1896இல் பஃபலோ நகருக்கு மின்சாரம் போன செய்தி உலகெங்கும் பரவியிருந்த காலம் அது. மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய டி லாட்பினியர் என்ற இராணுவ எஞ்சினியர் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியைக் காட்டினார். திவான் சேஷாத்ரி ஐயர் அதை ஏற்றார். 1902 ஜூன் 30இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு 92 மைல் தூரம் மின்சாரம் பாய்ந்தது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்கம்பிப் பாதைகளில் அது ஒன்று. பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1905 ஆகஸ்டில்தான்.

அந்த நிலையத்தின் அமைப்பைப் பாருங்கள். பெரிய நீர்த்தேக்கம் இல்லை. ஆற்றின் குறுக்கே தாழ்வான தடுப்பு, அங்கிருந்து ஒரு கால்வாய், கால்வாயின் முடிவில் மலைச்சரிவில் இறங்கும் குழாய்கள், கீழே டர்பைன்கள். இயற்கையே நானூறு அடி உயரம் கொடுத்திருந்ததால் சுவர் எழுப்பி உயரத்தை உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்த நீர் சில மைல் தள்ளி ஆற்றிலேயே விழுந்தது. தஞ்சை உழவன் ஒரு நாள் நீரையும் இழக்கவில்லை.

என் தாத்தா அந்தத் தங்கவயலில் ஒரு சுரங்கத்தில் குழிக்குள் இறங்கியவர். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த ஆயிரக்கணக்கானோரில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஆழத்தில் பாறையின் சூடு தாங்க முடியாது. மின்சார விசிறிகள்தான் மேலிருந்து காற்றை உள்ளே தள்ளின. "குழிக்குள்ள வந்தது காவேரி காத்துடா, அது நின்னா நாங்க நின்னோம்" என்பார். துரைமார் பங்களாக்களில் விளக்கு எரிந்தது. தொழிலாளரின் மூங்கில் தட்டி வீடுகளில் அந்த வெளிச்சம் நுழைய நெடுங்காலம் ஆயிற்று. காவிரியின் விசையால் தமிழன் தோண்டினான். தங்கம் கப்பல் ஏறியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. மாரிக்குப்பம் ரயில் மட்டும் இன்றும் ஓடுகிறது. அன்று கரி ஏற்றிய பாதையில் இன்று பெங்களூருக்குக் கூலி வேலை தேடிவரும் தங்கவயல் பிள்ளைகளை ஏற்றி வருகிறது.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. ஆற்றுக்குக் கேடில்லாமல் மின்சாரம் எடுக்க முடியும், சிவசமுத்திரமே சாட்சி. ஆனால் அந்த மின்சாரம் யார் வீட்டுக்குப் போகும் என்பதை ஆறு முடிவு செய்வதில்லை.

கண்ணம்பாடியும் மேட்டூரும்

கோடையில் ஆறு இளைத்தது; சிவசமுத்திரத்தில் விசை குறைந்தது. சுரங்கத்துக்கோ நாள் தவறாமல் மின்சாரம் வேண்டும். நீரைத் தேக்கி வைத்து ஒரே சீராக விட வேண்டும் என்ற தேவை எழுந்தது. கண்ணம்பாடி அணைக்கு, அதாவது கிருஷ்ணராஜ சாகரத்துக்கு, முதல் காரணங்களில் இது ஒன்று. மண்டியாவின் பாசனம் மற்றொன்று. விசுவேசுவரய்யா தலைமை எஞ்சினியராக இருந்து திட்டம் தீட்டினார். 1911இல் வேலை தொடங்கியது.

சென்னை அரசு சிறிய அணைக்கு இசைந்தது. பெரிய அணைக்கு இசையவில்லை. வேலையோ முழு உயரத்துக்கு ஏற்ற அஸ்திவாரத்துடனேயே தொடங்கியது. கடிதத்தில் இருந்தது சிறிய அணை, மண்ணுக்குள் இருந்தது பெரிய அணை! வழக்கு கிரிஃபின் என்ற நடுவரிடம் போய் 1914இல் மைசூருக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. சென்னை அதை எதிர்த்து லண்டன் வரை போயிற்று. இறுதியில் 1924 பிப்ரவரி 18இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டுமே வெள்ளையர் மேலாட்சியின் கீழ் இருந்த அரசுகள். அந்த ஒப்பந்தம் சமமானது அன்று என்று கன்னட மக்கள் கூறுவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. திருச்சிக்கு அருகே ஆற்றில் ஒரு அளவுகோல். இந்த மாதத்தில் அங்கே இத்தனை அடி நீர் ஓடினால்தான் கண்ணம்பாடியில் தேக்கலாம் என்று மாதவாரியாக விதி எழுதினார்கள். மேலே உள்ள அணையின் மதகுக்குக் கீழே உள்ள ஆற்றின் அளவுகோல் கட்டளை இட்டது.

அதே ஒப்பந்தத்தின் மறு பக்கம் மேட்டூர். 1934இல் முடிந்தது, 120 அடி, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. மேட்டூரிலும் மின் நிலையம் உண்டு. ஆனால் அங்கே எசமான் உழவன். டெல்டாவுக்கு மதகு திறந்தால் டர்பைன் சுழலும். பாசனம் நின்றால் டர்பைன் ஏறத்தாழ ஓய்ந்துவிடும். மின்சாரத்துக்காக மதகு திறப்பதில்லை. மதகு திறப்பதால் மின்சாரம் கிடைக்கிறது.

இதற்கு நேர்மாறானது சிவமொக்கா மாவட்டத்தில் ஷராவதி மீதுள்ள லிங்கனமக்கி. 1964இல் கட்டப்பட்டது, கொள்ளளவு ஏறத்தாழ 151 டி.எம்.சி. மேற்கே பாய்ந்து கடலில் சேரும் ஆறு. கீழே ஒரு தஞ்சாவூர் இல்லை. எனவே மின்சாரமே அங்கே தனி எசமான். மழையைத் தேக்கி ஆண்டு முழுவதும் விடுகிறார்கள். பெங்களூரின் ஆலைகள் பல்லாண்டு அதில்தான் ஓடின. அங்கேயும் விலை கொடுத்தவன் ஏழைதான். மூழ்கிய ஊர்களிலிருந்து வெளியேறிய கன்னட உழவர் குடும்பங்கள் பல, அறுபது ஆண்டு கழித்தும் நிலப்பட்டாவுக்கு அலைகின்றன. அணையின் கொடுமைக்கு மொழி கிடையாது.

மேகதாது சொல்லும் கணக்கு

இப்போது மேகதாதுவுக்கு வருவோம். கன்னடத்தில் 'மேகே' என்றால் ஆடு, 'தாட்டு' என்றால் தாண்டு. ஆடு தாண்டும் அளவுக்குக் காவிரி ஒடுங்கிப் பாறை இடுக்கில் ஓடும் இடம். கனகபுரம் வட்டத்தில் அர்க்காவதி வந்து கலக்கும் சங்கமத்துக்குக் கீழே, தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று மேலே இருக்கிறது. 2019இல் கருநாடக அரசு மத்திய நீர் ஆணையத்திடம் கொடுத்த அறிக்கையின்படி கொள்ளளவு 67 டி.எம்.சி.; மின்சாரம் 400 மெகாவாட்; செலவு 9,000 கோடி ரூபாய்; மூழ்கும் நிலம் 5,000 ஹெக்டேருக்கு மேல், அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்குப் புகலிடமும் காப்புக்காடும். சொல்லப்படும் நோக்கம் இரண்டு: பெங்களூருக்குக் குடிநீர், மாநிலத்துக்கு மின்சாரம். திட்ட அறிக்கை நிபுணர் பரிசீலனையில் இருக்கும்போதே வழக்குத் தொடுப்பது முன்கூட்டிய செயல் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிடம் கூறிவிட்டது. ஆகவே இது செத்துப்போன திட்டம் அன்று.

முதலில் குடிநீரைப் பார்ப்போம். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெங்களூரின் குடிநீருக்கென்று கூடுதலாக ஒதுக்கியது 4.75 டி.எம்.சி. குடிநீராக எடுப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் செலவு, மீதி கழிவாகத் திரும்பும் என்பது நடுவர் மன்றத்தின் கணக்கு. அதன்படி பார்த்தால் எடுக்கக்கூடியது ஏறத்தாழ 24 டி.எம்.சி. அதையும் ஒரே நாளில் எடுக்கப் போவதில்லை. ஆண்டு முழுவதும் நாள்தோறும் எடுப்பது. பன்னிரண்டு மாதத்தில் 24 படி அரிசி உண்ணும் வீட்டுக்கு 67 படி கொள்ளும் குதிர் எதற்கு?

இடத்தையும் பாருங்கள். இன்று பெங்களூருக்கு வரும் காவிரி நீர் சிவசமுத்திர நீர்வீழ்ச்சிக்கு மேலே எடுக்கப்பட்டு, தொரேகாடனஹள்ளியில் சுத்தம் செய்யப்பட்டு, மூன்று கட்டமாக ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றப்படுகிறது. மேகதாதுவோ நீர்வீழ்ச்சிக்குக் கீழே, இன்னும் பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறைத்தால் இறைக்கும் செலவு கூடும். அதுமட்டுமன்று. பெங்களூரின் மேற்குப் பகுதிச் சாக்கடை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரியைச் சேர்கிறது. அணை கட்டினால் அந்தத் தேக்கத்தில் வந்து நிற்பது நாம் கழித்த நீரும் சேர்ந்ததுதான்.

அடுத்து மின்சாரம். பில்லிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும் என்பது தீர்ப்பு. அது மாதவாரிக் கணக்கு: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. இந்த நான்கு மாதத்தில் மட்டும் 123 டி.எம்.சி.; அதாவது ஏறத்தாழ 70 விழுக்காடு. பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 மட்டுமே. இந்த அட்டவணைப்படி நீர் விட்டால், 400 மெகாவாட் டர்பைன்கள் மழைக்காலத்தில் ஓடிவிட்டுக் கோடையில் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஆண்டு முழுவதும் ஓட வேண்டுமானால் அட்டவணை மீறப்படும். இரண்டில் எது நடக்கும்? மின்வெட்டு வந்தால் பெங்களூரில் ஆட்சி ஆட்டம் காணும். நீர்வெட்டு வந்தால் மன்னார்குடியில் நாற்று காயும். மதகுக்குப் பக்கத்தில் இருப்பவன் எந்தக் குரலைக் கேட்பான்?

தமிழ்நாட்டின் அச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணம்பாடி, கபினி அணைகளுக்குக் கீழே பெய்யும் மழைநீர் இன்று தடையின்றி மேட்டூருக்கு வருகிறது. மேகதாது அணை அந்த ஓட்டத்தின் கடைசி வாசலில் கதவு போடுகிறது. கதவு போடுவது குற்றமன்று. சாவி ஒருவர் இடுப்பில் மட்டும் இருப்பதுதான் குற்றம்.

நம் தெருக் குழாய்

அப்படியானால் பெங்களூருக்குத் தண்ணீர் வேண்டாமா? வேண்டும். வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், வேண்டும். 2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றியபோது எங்கள் சந்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் வந்தது. டேங்கர்காரன் சொன்னதே விலை. கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். கார் இல்லாதவன் குடத்தோடு நின்றான். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்தார்கள், நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல். நகரின் விளிம்பில் 110 கிராமங்களுக்கென்று போட்ட திட்டம். நல்லதுதான்.

ஆனால் குழாயில் விடும் நீரில் கால் பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது என்று குடிநீர் வாரியமே பல ஆண்டுகளாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறது. சரக்கு வண்டியில் நான்கு மூட்டையில் ஒன்று காணாமல் போனால் ரயில்வேயில் குமாஸ்தாவின் வேலை போய்விடும்! ஓட்டைக் குடத்தை அடைக்காமல் இன்னொரு கிணறு வெட்டுவது யாருக்கு லாபம்? வெட்டும் காண்டிராக்டருக்கு.

'திரும்பும்' என்று நடுவர் மன்றம் கணக்கிட்ட நீரும் எங்கே போகிறது? கிழக்குப் பெங்களூரின் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையில் இறங்குகிறது. ஓசூரில் கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாய்ப் பொங்குகிறது. ஒரு பகுதியை 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு இறைக்கிறார்கள். 1902இல் கோலாருக்குக் காவிரியின் விசை போயிற்று. இன்று காவிரியின் கழிவு போகிறது. கழிவைச் செம்மையாகச் சுத்திகரித்தால் அது கழிவன்று, இன்னொரு ஆறு.

தமிழ்நாட்டு ஆட்சியாளர்களுக்கும் ஒரு சொல். கருநாடகத்தைக் குறை சொல்வதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 1830களில் காட்டன் துரை கட்டியதைக் கண்போல் காக்கத் தவறியது யார்? மணலை அள்ளியது யார்? கடைமடைக்கு நீர் சேரும் முன் வாய்க்கால் தூர்ந்து கிடப்பது யாரால்? கிடைத்த நீரைப் போற்றாதவன் கிடைக்காத நீருக்கு வழக்காடினால் வழக்கு பலவீனப்படும்.

இரு பக்கமும் தலையாட்டினால்தான் டோக்கன்

நாம் என்ன கேட்பது? ரயில்வேத் தோழர்களுக்கு எளிதில் விளங்கும் ஓர் உவமை சொல்கிறேன். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி மோதாமலிருக்கப் பழைய நாளில் டோக்கன் கருவி உண்டு. இந்த ஸ்டேஷன் மாஸ்டர் தனியாக இழுத்தால் டோக்கன் வராது. அடுத்த ஸ்டேஷன்காரர் தன் கருவியை இயக்கி ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே வரும். டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். இதில் யாரும் யாருக்கும் அடிமை இல்லை. வண்டியும் ஓடுகிறது, உயிரும் பிழைக்கிறது. காவிரியும் ஒற்றைப் பாதைதான் தோழர்களே!

2018 ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. அது உத்தரவிடுகிறது, மதகை இயக்குவது அந்தந்த மாநில அதிகாரிகள். ஒவ்வொரு வறட்சி ஆண்டிலும் தகராறு முளைப்பது இந்த இடைவெளியில்தான். ஆகவே என் கருத்து இது. சங்கம் விவாதித்து முடிவெடுக்கட்டும்.

ஒன்று: பெங்களூரின் ஓட்டைக் குழாய்களை அடைத்து, கழிவு முழுவதையும் சுத்திகரித்து, குடிசைப் பகுதிக்கு நாள்தோறும் நீர் கொடுப்பது முதல் வேலை. தண்ணீரின் பெயரால் அணை கேட்பவர்கள் முதலில் தண்ணீர் கொடுத்துக் காட்டட்டும்.

இரண்டு: மின்சாரம்தான் நோக்கமென்றால் சிவசமுத்திரத்தின் வழியில், பெரிய தேக்கமின்றி ஓடும் நீரில் எடுக்க முடியுமா என்று பார்க்கட்டும். சிவசமுத்திரம், மேகதாது, தமிழ்நாட்டுப் பக்கம் ராசிமணல், ஒகேனக்கல் என நான்கு இடங்களில் மின் நிலையம் அமைக்க மத்திய அரசின் தேசிய நீர்மின் கழகம் வழியாக முன்பே ஒரு யோசனை இருந்தது. இரு மாநிலமும் ஒத்துப்போகாததால் அது தூங்குகிறது. தட்டி எழுப்புங்கள்.

மூன்று: எல்லைக்கு அருகே எந்தத் தேக்கம் வந்தாலும் அதன் மதகு ஆணையத்தின் நேரடிப் பொறுப்பில் இருக்க வேண்டும், மாத அட்டவணை மின் உற்பத்திக்கு மேற்பட்டது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கு இசையாத அணையை நாம் எதிர்ப்போம். எதிர்ப்பது கன்னடரை அல்ல, ஒற்றைச் சாவியை.

நான்கு: காவிரி பற்றி எந்தத் தீர்ப்பு வரும் நாளிலும், பெங்களூரில் தமிழ்த் தொழிலாளியின் உயிருக்கும் உடைமைக்கும், தமிழ்நாட்டில் கன்னடர் கடைக்கும் வண்டிக்கும் அந்தந்த அரசே பொறுப்பென்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

இவற்றைச் சொன்னால் "தமிழ்நாட்டின் கையாள்" என்று ஒரு சாராரும், "கருநாடகத்துக்கு விலைபோனவன்" என்று மற்றொரு சாராரும் ஏசக்கூடும். ஏசட்டும். என் தாத்தாவின் நெஞ்சுக்குள் போனது காவேரி காற்று. என் பிள்ளைகள் குடிப்பது காவேரி நீர். எங்கள் உறவுக்காரர் திருவாரூரில் காத்திருப்பதும் அதே நீருக்கு. இந்த ஆற்றைப் பற்றிப் பேச எங்களைவிட உரிமை உள்ளவர் யார்?

மண்டியா நண்பரிடம் நாளை பகல் உணவு வேளையில் இந்தக் கட்டுரையைக் கன்னடத்தில் வாசித்துக் காட்டப் போகிறேன். கண்ணம்பாடி நீரை எடுத்துப் பெங்களூர்க் குழாயில் ஏற்றும்போது தன் கரும்பு காய்கிறதே என்ற கவலை அவருக்கும் உண்டு; மதகு யார் கையில் என்ற கேள்வி அவருடைய கேள்வியும்தான். அவர் ஒத்துக்கொள்வாரா, சண்டை போடுவாரா, தெரியாது. எப்படியானாலும் இந்த முறை நழுவ மாட்டேன். நம் கோரிக்கைகளை இரண்டு மொழியிலும் துண்டறிக்கையாக அச்சிட்டு, ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் மட்டுமின்றி மண்டியா பஸ் நிலையத்திலும் கொடுக்கச் சங்கம் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொடுக்கும் வரிசையில் முதல் ஆளாக நான் நிற்கிறேன்.